முதல் மீட்டர்

மேசை மேல் வைத்த பந்தயத்தில் சிவராஜின் பெட்டி ஜெயித்துவிட்டது. மயிரிழையில் ஜெயித்திருந்தால்கூட விஜயராணிக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் பெட்டி நாலு துணிப் படம் பார்த்து முடிக்கிற நேரத்தில் அவள் பெட்டி ஒன்றைப் பார்த்தது. அதையும் மூச்சு வாங்கிக்கொண்டு பார்த்தது.

"அம்மிணி, குருவிக்கு இரை போட்டீங்களா இல்லீங்களா?" என்றான் சிவராஜ். "தத்தித் தத்தி நடக்குதுங்க."

"உங்களுது யானை. போட்ட கரும்புக் கட்டெல்லாம் தின்னுட்டு நிக்குது," என்றாள் அவள். சொன்னாளே தவிரக் குரலில் தெம்பு இல்லை.

பெட்டி என்பது பெரிய சமாச்சாரம் இல்லை. உள்ளங்கை அகலத்தில் ஒரு சர்க்யூட் பலகை, ஒரு கேமரா, துணி மேல் வெளிச்சம் அடிக்க ஒரு விளக்கு, நிலைமை காட்ட இன்னொரு சின்ன விளக்கு. பனியன் துணி பின்னுகிற நிட்டிங் மிஷினில் துணி குழாய்போலக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். ஆயிரக்கணக்கான ஊசிகளில் ஒன்று வளைந்தால் போதும், துணியின் நீளம் முழுக்க ஒரு கோடு விழும். ஆபரேட்டர் பார்ப்பதற்குள் ஒரு ரோல் துணியே வீணாகிவிடும். பெட்டி அதைப் பார்த்து உடனே மிஷினை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் சிங்கிள் ஜெர்சித் துணிக்கு ஒரு விதி, ரிப் துணிக்கு வேறு விதி. விதியை அவ்வப்போது மாற்றி எழுத ஒரு மொழி வேண்டும். அந்த மொழியை சிப்புக்குப் புரிய வைத்து ஓட்ட உள்ளே ஒரு மிஷின் வேண்டும். இரும்பு மிஷின் இல்லை, எழுதிச் செய்த மிஷின். விர்ச்சுவல் மெஷின்.

சிவராஜ் ஜாவாவின் மிஷினை எடுத்து வைத்தான். உலகம் பூராவும் ஓடுவது, ஆயிரம் பேர் செதுக்கியது. விஜயராணி சொந்தமாக ஒன்று எழுதினாள். ஆடியில் ஆரம்பித்து, தை பிறக்கிறபோதுதான் அது தானாக ஒரு விதியை ஓட்டிக் காட்டியது. பேர் சிட்டு.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவள் அம்மா ராமாயி ஒருமுறை கேட்டாள். அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்து, பனியன் கம்பெனித் தையல் லைனிலேயே ஆயுசின் பாதியைக் கழித்தவள். அவளுக்கு அவள் பாஷையில்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"லைன்ல சூப்பர்வைசர் கையில பேப்பர் வச்சிருப்பாருல்லம்மா. தோளச் சேரு, கழுத்த மடி, லேபிள வையின்னு ஒவ்வொண்ணாப் படிப்பாரு, நீ ஒவ்வொண்ணாத் தைப்ப. என் சிட்டு அப்படித்தான். கடைசி வரைக்கும் படிச்சுப் படிச்சுச் செய்யும். சிவராஜோடது வேற. ஒரே வேலை திரும்பத் திரும்ப வருதுன்னு தெரிஞ்சதும் பேப்பரத் தூக்கிப் போட்டுட்டுக் கைக்கே பழக்கிரும். அப்புறம் பிடிக்க முடியாது."

"பழகுற வரைக்கும்?"

"அது வரைக்கும் கொஞ்சம் மந்தம்தான்."

"புது ஸ்டைல் ஏத்துன மொத நாளு நாங்க வாங்காத வசவா," என்று சொல்லிவிட்டு ராமாயி குழம்பைக் கிளறப் போய்விட்டாள். விஜயராணியும் அதோடு அதை மறந்துவிட்டாள்.

மறந்தது அவள் மட்டும் இல்லை. விர்ச்சுவல் மெஷின்களை ஒப்பிட்டு எழுதுகிற எவரும் சொல்கிற பாடம் ஒன்று உண்டு: முதலில் சும்மா ஓடவிடு, சூடாகட்டும், அதற்குப் பிறகு கடிகாரத்தை அமுக்கு. மேசைப் பந்தயத்திலும் அப்படித்தான் செய்தார்கள். முதல் சுற்றுகளின் கணக்கை அழித்தவள் விஜயராணியேதான். நியாயமாக நடந்துகொள்கிறோம் என்ற நினைப்பு வேறு.

முதலாளி தரணீதரன் பேக்கரிக்கு மேல்மாடியில் அந்தச் சாப்ட்வேர் கம்பெனியை நடத்துபவர். கோபப்படத் தெரியாத மனுசர், அதனாலேயே அவர் சொல்வதை மாற்ற முடியாது. அவர் மேசை இழுப்பறையிலிருந்து கண்ணாடி விரிசல் விட்ட ஒரு செல்போனை எடுத்து வைத்தார். கம்பெனியின் பழைய தொழிலான பில்லிங் சாப்ட்வேருக்கு சப்போர்ட் போன் அது. சிட்டு எழுதக் கேட்டுக் கெஞ்சி வாங்கிய அந்த மாதங்களுக்கு முன்னால் விஜயராணியின் காதில் ஒட்டியிருந்தது.

"ரெண்டு மிஷினை வச்சு மேய்க்க எனக்குச் சக்தி இல்லைங்க," என்றார். "நாளைக்கு மண்ணரையில தண்டாயுதபாணி அண்ணன் நிட்டிங்ல ரெண்டையும் மாட்டிப் பாருங்க. எது நிக்குதோ அது நம்மளுது. நிக்காததை அழிச்சுடலாம். அதை எழுதினவங்க போனை எடுத்துக்கட்டும். அதுவரைக்கும்..." என்று இழுத்து, போனை விஜயராணி பக்கம் தள்ளினார். "இன்னைக்கு நிலவரப்படி உங்களுக்குத்தானுங்க."

அவள் எடுத்துப் பையில் போட்டாள். கல்லைப் போட்டது போல இருந்தது.

மறுநாள் காலையில் அந்த நிட்டிங் கம்பெனிக்குள் நுழைந்ததுமே கல் லேசாகிவிட்டது. அவளுக்கு எப்போதும் அப்படித்தான். சத்தம் நெஞ்சுக்குள் வந்து அடிக்கும். தகரக் கூரை காய்ந்து, காற்றில் பஞ்சு மிதந்து, புருவத்தில் ஒட்டும். வரிசையாக நிட்டிங் மிஷின்கள் சுற்றிக்கொண்டிருக்க, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நூல் கோன்கள் அடுக்கிய ஸ்டாண்டு. அவள் எழுதியது இங்கே ஓடப்போகிறது. தோற்றாலும் இங்கே ஓடித்தான் தோற்கும்.

தண்டாயுதபாணி வெள்ளை வேட்டியில், பஞ்சு ஒட்டாத ஒரே ஆளாக வந்து நின்றார்.

"வாங்க கண்ணு. புது மிஷின் கொண்டாந்திருக்கறதாத் தரணி சொன்னாப்ல. எங்கீங்க மிஷினு?"

"இந்தப் பெட்டிக்குள்ள இருக்குங்க," என்றாள். "கண்ணுக்குத் தெரியாதுங்க. விர்ச்சுவல்."

"கண்ணுக்குத் தெரியாத மிஷினா. அப்ப ஈபி காரனுக்கும் தெரியாதுங்களே. நல்ல மிஷினாத்தான் இருக்குது."

மிஷின் ஓட்டுகிறவர் முனீஸ். தெற்கத்தி ஊரிலிருந்து வந்து பாதி வாழ்க்கையை இந்தச் சத்தத்துக்குள் கழித்தவர். யார் பேசினாலும் உதட்டைப் பார்த்தே பதில் சொல்வார். விஜயராணி வாய் திறந்த இரண்டாவது வார்த்தையிலேயே பிடித்துக்கொண்டார். "நம்ம பக்கமா தாயி?"

"ஆமாண்ணே. அம்மாவுக்கு அருப்புக்கோட்டை." சிவராஜிடம் ஒரு தமிழ், இவரிடம் ஒரு தமிழ் என்று அவள் நாக்கு தானாகத் தடம் மாறும். திருப்பூரில் வளர்ந்த பாதிப் பேருக்கு அப்படித்தான்.

ஜன்னல் ஓரத்து மிஷினில் சிட்டு, அதற்கு அடுத்ததில் ஜாவா. ஜாவா மாட்டிய மிஷின் தலைக்கு மேல், பஞ்சை விரட்டச் சுழல வேண்டிய விசிறி செத்துக் கிடந்தது. பஞ்சு நூல் ஸ்டாண்டு மேல் தாடிபோலத் தொங்கியது. அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

"பச்சை விளக்கு வரட்டுங்க, அப்புறம் மிஷினைப் போடுங்க," என்றான் சிவராஜ். முனீஸ் காத்திருந்தார். பச்சை வந்தால் பெட்டி கண் விழித்துவிட்டது என்று அர்த்தம். விழித்ததும், இறங்குகிற துணியில் முதல் கைமுழத்தைப் பார்த்து, நல்ல துணி என்றால் இப்படி இருக்கும் என்று மனசில் வாங்கிக்கொள்ளும். நூல் லாட் மாறினால் துணியின் முகமே மாறும் என்பதால், ஒவ்வொரு முறையும் புதிதாகவே கற்றுக்கொள்ளட்டும் என்று இருவரும் சேர்ந்து எழுதியிருந்தார்கள். பிறகு எது அதிலிருந்து மாறினாலும் சிவப்பு விளக்கு, மிஷின் நிற்கும்.

இரண்டும் பச்சை காட்டின. மிஷின்கள் சுற்றின. விஜயராணி வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். துணி இறங்க இறங்க, லேப்டாப் திரையில் சிட்டு ஒவ்வொரு கட்டளையாகப் படித்துப் போவது ஓடியது. ஜாவாவின் மிஷின் கணக்குக்கு வேண்டியதை மடியில் அடுக்கி மேலிருந்து எடுத்து வேலை செய்கிற ஜாதி. சிட்டுக்கு அவள் பக்கத்திலேயே டப்பாக்கள் வைத்துக் கொடுத்திருந்தாள். வேண்டியதை நேராகக் கை போய் எடுக்கும். அதனால் கட்டளைகளே குறைவு. அந்த யோசனை வந்த அன்று அவள் பஸ்ஸில் இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுவிட்டாள்.

முனீஸைச் சோதனைக்காக ஒவ்வொரு மிஷினிலும் ஓர் ஊசியை வளைத்துவிடச் சொன்னார்கள். ஜாவா பெட்டி மிஷினை உடனே நிறுத்தியது. துணியில் கோடு ஒரு விரல் நீளத்துக்குத்தான் இருந்தது. சிட்டு நிறுத்தும்போது கோடு ஒரு சாண் ஓடியிருந்தது. முனீஸ் அந்த இரண்டு துண்டையும் அறுத்துக் கொடுத்துவிட்டு, ஊசிகளை மாற்றி மறுபடி ஓடவிட்டார்.

தண்டாயுதபாணி இரண்டு துணியையும் கையில் எடுத்துப் பார்த்தார். "சாணும் தேவலாமுங்க. ஆனா விரலைக் கண்டவன் சாணுக்குப் போவானுங்களா?"

"அதானுங்க," என்றான் சிவராஜ், அடக்கமாக. அவனுக்கு அடக்கம் பொருந்தவில்லை.

பையில் போன் அடித்தது. விஜயராணி வெளியே ஓடிப் போய் எடுத்தாள். ஊத்துக்குளியில் ஒரு வெண்ணெய்க் கடை, பில் பிரிண்ட் ஆகவில்லை. "ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க," என்றாள். ஆயிற்று. நன்றி சொல்லி வைத்தார்கள். வெய்யிலில் நின்று அந்த விரிசல் கண்ணாடியைப் பார்த்தபோது, இனிமேல் இப்படித்தான் என்று தெரிந்துவிட்டது. சிட்டை அழிக்க ஒரே கட்டளை போதும். அதைத் தரணீதரன் செய்ய மாட்டார், அவளையே செய்யச் சொல்வார்.

அவள் உள்ளே வந்தபோது இரண்டு மிஷினிலும் ரோல் நிறைந்துவிட்டிருந்தது. முனீஸ் இரண்டையும் நிறுத்தி ரோலை அறுத்து இறக்கினார். நேராகச் சுவரோரம் போய் இரண்டு மிஷினுக்கும் மெயின் சுவிட்சை அணைத்தார்; அதிலிருந்து மின்சாரம் எடுத்த பெட்டிகளும் அணைந்தன. கம்ப்ரெசர் குழாயை இழுத்து வந்து, பஞ்சு போக ஏர் அடித்தார். வெள்ளையாக ஒரு புயல் எழுந்தது. கோன், ஸ்டாண்டு, ஊசிகள் வட்டமாக நிற்கிற ஊசித் தொட்டி எல்லாவற்றிலிருந்தும் பஞ்சு கிளம்பியது. சிவராஜ் இருமிக்கொண்டு ஒதுங்கினான். முனீஸ் புது ரோலுக்குத் துணியைச் சுற்றிவிட்டு, மெயினைப் போட்டு, இரண்டு மிஷினையும் தட்டிவிட்டார். யாருக்காகவும் காத்திருக்கவில்லை. காலையில் காத்திருந்தது விருந்தாளிக்காக. இது அவர் வேலை.

ஜன்னல் ஓரத்து மிஷின் சுற்றத் தொடங்கும்போதே சிட்டு பச்சை காட்டிவிட்டது. ஜாவா பெட்டியில் மஞ்சள். மஞ்சளாகவே இருந்தது. துணி இறங்கிக்கொண்டிருந்தது.

"எந்திரிக்குதுங்க, எந்திரிக்குதுங்க," என்றான் சிவராஜ். அடியில் ஆபரேட்டிங் சிஸ்டம் எழ வேண்டும், அதன் மேல் ஜாவாவின் மிஷின் எழ வேண்டும், அது தன் சாமான்களை எல்லாம் எடுத்துப் பரப்ப வேண்டும். சிட்டுக்கு அந்த ஜோலி இல்லை. பரப்ப அதனிடம் சாமானே கிடையாது. சிப்பின் மேல் அப்படியே உட்கார்ந்துகொள்ளும்.

ஒருவழியாகப் பச்சை வந்தது. "பாத்தீங்களா," என்றான் அவன். மிஷின் நிற்காமல் ஓடியது. தண்டாயுதபாணி தலையாட்டிவிட்டு ஆபீஸ் பக்கம் திரும்பினார்.

விஜயராணி சும்மாதான் குனிந்தாள். கண்ணில் விழுந்த பஞ்சை எடுக்கத்தான். அப்போது வெளிச்சம் துணியில் சாய்வாகப் பட்டது. கோடு. மெல்லிசாக, நேராக, மேலிருந்து கீழே. அண்ணாந்து பெட்டியைப் பார்த்தாள். பச்சை. திரும்பத் துணியைப் பார்த்தாள். கோடு.

அவள் முதுகில் சிலிர்த்தது. பயம் இல்லை. புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு மட்டும் வருகிற ஒரு சந்தோஷம் உண்டு, நடக்கவே கூடாதது கண் முன்னால் நடக்கும்போது வருவது.

"சிவராஜ்," என்றாள். சத்தத்தில் கேட்கவில்லை. சட்டையைப் பிடித்து இழுத்தாள். "பச்சை எரியுது. கோடும் விழுது."

அவன் குனிந்து பார்த்தான். முகம் மாறியது. லேப்டாப்பை மாட்டி, பெட்டி மனசில் வாங்கிய நல்ல துணியின் படத்தைத் திறந்தான். இரண்டு தலையும் திரையில் முட்டிக்கொண்டன. படத்தில் வெள்ளைத் துணி. நடுவில் கோடு.

சிவராஜ் மெதுவாகச் சொன்னான். "கோட்டையும் சேத்துல்ல படிச்சுருக்குது."

"ஆமா."

"கோடு இருந்தாத்தான் நல்ல துணின்னு நினைச்சுருக்குது. இனி கோடு இல்லாமப் போனாத்தான் நிறுத்தும்." அவன் சிரிக்க ஆரம்பித்தான். தன்னுடைய பெட்டிதான் மாட்டிக்கொண்டது என்பதே அந்த நேரத்தில் அவனுக்கு மறந்துவிட்டது. "ஏனுங்க, தப்புன்னாலும் என்ன அழகான 'பக்'குங்க இது."

ஏர் அடித்ததும் பஞ்சு உருண்டை ஏதோ ஊசித் தொட்டிக்குள் விழுந்து, மிஷின் கிளம்பி ஒரு கைமுழம் நல்ல துணி இறங்கியதுமே ஓர் ஊசி வளைந்திருக்கிறது. பெட்டி கண் விழித்தது அதற்கு அப்புறம். விழித்ததிலிருந்து கோடு விழுந்த துணியைத் தவிர வேறு துணியை அது பார்க்கவில்லை.

அவள் தலைக்குள் ஒவ்வொன்றாக வந்து இடித்தது. சூடான பிறகு நாலு மடங்கு வேகம், சரி. அந்தச் சூடு வருவதற்கு முன்னாலேயே எல்லாம் முடிந்துவிடுகிறது. மேசை மேல் அவள் அழித்துப் போட்டாளே முதல் சுற்றுகள், இந்தக் கூரைக்கடியில் ஜெயிப்பதும் தோற்பதும் அந்தச் சுற்றுகளில்தான் இருந்தது.

முனீஸ் மிஷினை நிறுத்தினார். தண்டாயுதபாணி திரும்பி வந்து துணியைப் பார்த்தார்.

"எப்பவும் வர்றதுதானுங்களே," என்றார். "ரோல் ஆரம்பத்துல கோடு கீடு இருக்கும். அதுக்குத்தான் முதல் மீட்டரை வெட்டி வேஸ்ட்ல போட்டுடறது. இந்த ஊர்ல எல்லா நிட்டிங்லயும் அதான் வழக்கம்."

"முதல் மீட்டரோட நிக்கலைங்க," என்றாள் விஜயராணி. குரல் தானாக உயர்ந்தது. "பாருங்க, இங்க வரைக்கும் வந்துருச்சு. நாங்க பாக்கலைன்னா ரோல் பூராவும் வந்துருக்கும், விளக்கு பச்சையாவே இருந்துருக்கும். முதல் மீட்டர் வேஸ்ட்டுன்னு நீங்க வெட்டிப் போடறீங்க, முதல் நிமிசம் கணக்குல இல்லைன்னு நாங்க வெட்டிப் போட்டோம். அந்தத் துண்டுலதாங்க எல்லாமே இருக்கு."

தண்டாயுதபாணி அவளைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், பிறகு சுலபமான வழியாக முனீஸைப் பார்த்தார்.

"ஏனப்பா, மெயினை எதுக்கு அணைக்கறே? மெயின் இருந்தா இந்தத் தம்பி பெட்டி முழிச்சே இருக்கும்ல. மிஷினை மட்டும் நிறுத்திட்டு ஏர் அடி."

முனீஸ் குழாயைக் கீழே போட்டார். "அது நடக்காதுங்க மொதலாளி. பஞ்சு பேனலுக்குள்ள போய்த் தீப்பிடிச்சத இவுக பாக்கல, நான் பாத்துருக்கேன். எங்கூட ரூம்ல இருந்த பயலுக்கு இந்தக் கையி இன்னைக்கும் மடங்காது. பெட்டி தூங்கக்கூடாதுங்கறதுக்காக எங்கையக் குடுக்க முடியாது. வேற ஆளப் பாத்துக்கிருங்க."

தண்டாயுதபாணி வேட்டி நுனியைச் சரிசெய்தார். ஆள் கிடைக்காத ஊரில் முனீஸ் மாதிரி ஒருவரை அனுப்பிவிட்டு அவரால் கதவைத் திறக்க முடியாது. அது இருவருக்கும் தெரியும்.

"நான் ஒரு வழி பண்றேனுங்க," என்றான் சிவராஜ். தோற்பதற்கு முன்னால் தாராளமாகச் சண்டை போடுகிறவன் அவன். செல்போனுக்கு வைத்திருந்த பவர் பேங்கைப் பெட்டியில் சொருகினான். மெயின் போனாலும் பெட்டி விழித்திருக்கும். முனீஸ் ஊசியை மாற்றி, ஓட்டி, மறுபடி மெயினை அணைத்து ஏர் அடித்தார். பெட்டி விழித்திருந்தது. துணிமேல் அடிக்கிற விளக்கு மட்டும் நேராக மெயினில் ஓடுவது, அது மெயினோடு போயிற்று. இருட்டில் பஞ்சுப் புயலைப் பார்த்த பெட்டி நல்ல துணி எங்கே என்று அலறிச் சிவப்பைப் போட்டுவிட்டது. முனீஸ் மெயினைப் போட்டுத் தட்டினார். சிவப்பு மாறவில்லை, மிஷினும் அசையவில்லை. இன்னொரு தரம் தட்டினார். அசையவில்லை.

"உங்க பெட்டி பேயக் கண்டுருச்சு போல தம்பி. மந்திரிச்சுத்தான் எடுக்கணும்," என்றார் முனீஸ்.

சிவராஜே சிரித்துவிட்டான். "சரி பண்ணிடலாமுங்க. ரெண்டு நாள் குடுத்தா..."

"ரெண்டு நாள்ல சரியாகும்," என்றாள் விஜயராணி. உண்மையை மறைக்க அவளுக்கு மனசு வரவில்லை. "விளக்குக்கும் பேட்டரி வைக்கலாம். ஆனா இந்தச் சூட்டுக்கும் பஞ்சுக்கும் பேட்டரி எத்தனை நாள் தாங்கும்னு நான் சொல்ல மாட்டேன். மிஷினுக்கு ஒண்ணுன்னு வாங்கி மாத்தறது இந்தக் கம்பெனிதானுங்க. எனக்கு இப்ப ஒரு தடவை குடுங்க. என் பெட்டிய இந்த மிஷின்ல மாட்டிப் பாக்கறேன். விசிறி ஓடாத இதே மிஷின்ல."

"ரோல் நிறையட்டுமுங்களா?" என்றார் தண்டாயுதபாணி.

"வேணாங்க. இப்பவே மெயினை அணைச்சு ஏர் அடிக்கலாம்."

அதற்குள் தரணீதரனும் வந்து சேர்ந்திருந்தார், ஹெல்மெட்டைக் கழற்றாமலே. நடந்ததை ஆளுக்கு ஒரு பக்கமாகச் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் "சரிங்க, சரிங்க," என்றார்.

விஜயராணி கழற்றி மாட்டினாள். அவசரத்தில் ஒரு திருகு கீழே விழுந்து பஞ்சுக்குள் மறைந்தது. சிவராஜ் மண்டியிட்டுத் தேடி எடுத்துக் கொடுத்தான். முனீஸ் மெயினை அணைத்தார். பெட்டி செத்தது. ஏர் அடித்தார். தாடி தாடியாகப் பஞ்சு உதிர்ந்தது. அடித்து முடித்ததும் ஊசித் தொட்டி மேல் குனிந்தார்.

"பஞ்சு விழுந்து வளையலன்னா என்ன பண்ணுவ தாயி? இந்தப் பக்கம் ஒரு ஊசிய அரைகுறையா வளைச்சு விட்டுருக்கேன். பத்துப் பதினஞ்சு சுத்துக்கு நூலப் பிடிக்கும், அப்புறம் விட்ரும். பாப்போம் உங் குருவிய."

முனீஸ் மெயினைப் போட்டு மிஷினைத் தட்டினார்.

மிஷின் தொட்டி ஓர் அங்குலம் நகர்வதற்குள் பச்சை. அவள் துணிமேல் குனிந்தாள். துணி இறங்கியது. நல்ல துணி. சிட்டு பேப்பரைப் படிக்கிற சூப்பர்வைசர்போல ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டு போவதை அவள் உள்ளங்காலில் உணர்ந்தாள். படி, படி. அவசரம் இல்லை. முழிச்சிருந்தால் போதும். துணியில் சாம்பல் நிறத்தில் ஒரு நிழல் விழுந்ததா, இல்லை கண் மயக்கமா என்று யோசிப்பதற்குள் சிவப்பு எரிந்தது. மிஷின் நின்றது.

முனீஸ் துணியை இழுத்து வெளிச்சத்தில் பிடித்தார். முதலில் ஒரு கைமுழத்துக்கு மேல் நல்ல துணி. அதற்கப்புறம் கோடு, ஒரு சாண். அதோடு சரி.

"பிடிச்சுருச்சு," என்றார். பிறகு, எதற்கும் பாராட்டாத மனுசர், துணியை மடித்து அவள் கையில் கொடுத்தார்.

தண்டாயுதபாணி அந்தச் சாண் கோட்டை விரலால் தடவினார். "காலையில இந்தச் சாணைத்தான் வேண்டாம்னேனுங்க," என்றார். "ஒரு ரோலுக்கு ஒரு சாண் போனா நான் எதுக்குங்க கவலைப்படறேன். எல்லா மிஷினுக்கும் குருவியே போட்டுருங்க."

தரணீதரன் அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றினார். "ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ரோல் விவரமெல்லாம் சேக்கறதுக்கு சிவராஜோட ஜாவா இருக்கட்டுங்க," என்றார். "அங்க யாரும் ஏர் அடிக்கறதில்லை. பெட்டிக்குச் சிட்டு."

"அப்ப யானைய அழிக்கலைங்களா?" என்றான் சிவராஜ்.

"அழிக்கலீங்க. ஆனா பேச்சுன்னா பேச்சு."

விஜயராணிக்கு அவர்கள் பேசியது பாதிதான் காதில் விழுந்தது. அவளுக்கு இன்னொரு முறை பார்க்க வேண்டும்போல இருந்தது. உடனே, இப்போதே.

"அண்ணே, இன்னொருக்கா ஏர் அடிங்களேன்."

"ரோல் நிறையல. எனக்கு வேற வேலை இல்லையா? வேணும்னா நீயே அடி."

அவளே அடித்தாள். மெயினை அணைத்து, குழாயை இரண்டு கையிலும் பிடித்து, அது துள்ளிய துள்ளலில் தடுமாறி, தலை, புருவம், துப்பட்டா எல்லாம் வெள்ளையாகிற வரைக்கும் அடித்தாள். மெயினைப் போட்டாள். பச்சை. மறுபடி அணைத்தாள், போட்டாள். பச்சை. முனீஸ் தலையில் அடித்துக்கொண்டார்.

அப்போது அவள் பையில் போன் அடித்தது. அவள் எடுக்கவில்லை. பையைத் திறந்து, விரிசல் விட்ட கண்ணாடி மேலே தெரிய, அதைச் சிவராஜிடம் நீட்டினாள். அவன் ஒரு நொடி அதைப் பார்த்தான். பிறகு வாங்கி, ஒரு காதைப் பொத்திக்கொண்டு வாசல் பக்கம் நடந்தான்.

"சொல்லுங்க... ஆமாங்க, சப்போர்ட்தானுங்க... பில் வரலீங்களா." அவன் திரும்பி, வெள்ளைத் தலையோடு மெயின் பக்கத்தில் நிற்கிறவளைப் பார்த்தான். "ஒண்ணுமில்லீங்க. மெயினை ஒருக்கா அணைச்சுட்டுப் போடுங்க. கொஞ்சம் பொறுங்க, எந்திரிக்க நேரமாகும்."